தனிக் கிணறு வேண்டாம் என்றவர்

வெள்ளகோவிலுக்கு ஈரோடு தொலைவான ஊர் அல்ல. பஸ் ஏறி உட்கார்ந்து, ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். 1979இல் கோவை மாவட்டத்தைப் பிரித்து, ஈரோட்டைத் தலைநகராக்கிப் புதிய மாவட்டம் அமைத்தபோது அதற்குப் பெரியார் மாவட்டம் என்றே பெயர் சூட்டினர். நமது வெள்ளகோவிலும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு பெயர் ஈரோடு மாவட்டம் என்றாயிற்று. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது நாம் இந்தப் பக்கம் சேர்ந்தோம். மாவட்டத்தின் பெயர் மாறிற்று, தலைநகர் மாறிற்று, கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியும் மாறிற்று. மாறாத ஒன்று உண்டு. வேலை கேட்டு எழுதும் தாளிலே, முகவரி என்ற இடம் வந்ததும் சிலருடைய கை தயங்குவது இன்னும் மாறவில்லை.

பெயரை எழுதுவார், வயதை எழுதுவார். தறி ஓட்டத் தெரியும், பாவு பிணைக்கத் தெரியும் என்று தொழிலையும் எழுதுவார். அதுவரை ஓடிய பேனா முகவரியில் வந்து நின்றுவிடும். அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பின் பெயரை எழுதினால் முதலாளியின் முகம் மாறுமோ, மளிகைக் கடையில் கடன் மறுக்கப்படுமோ, மகளுக்கு வரும் வரன் திரும்பிப் போகுமோ என்ற அச்சம். உறவினர் வீட்டு முகவரியை எழுதித் தருவோர் உண்டு. பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்லிச் சமாளிப்போரும் உண்டு.

ஒழுகாத கூரை, விளக்கு எரியும் வீடு, தன் பெயரில் ஒதுக்கீட்டு ஆணை! இத்தனையும் இருந்தும் ஏன் இந்தக் கூச்சம்? ரயில்வே காலனியில் குடியிருக்கிறேன் என்று சொல்பவருக்குக் கூச்சம் இல்லை. அதிகாரிகள் காலனி என்றால் தலை நிமிர்கிறது. ஏழைக்குக் கட்டிய காலனி என்றால் மட்டும் தலை ஏன் குனிய வேண்டும்? செங்கல் அதே செங்கல். சிமெண்டு அதே சிமெண்டு. கட்டிய கொத்தனாரும் அதே கொத்தனார்! இழிவு சுவரிலே இல்லை, தோழர்களே! வேறெங்கோ இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதன் பிடரியிலே கைவைத்தவர் ஈரோட்டுப் பெரியவர். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு கோணத்திலிருந்து பார்ப்போம். மேடையில் நூறு முறை கேட்ட வரலாறுதான். ஆயினும் குடியிருப்பு என்ற விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தால் புதிய வெளிச்சம் கிடைக்கும்.

1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார் இராமசாமி. தந்தை வெங்கட்டர், கூலி வேலையில் தொடங்கி, சிறுகடை வைத்து, பின்னர் மண்டி வணிகராக உயர்ந்தவர். தாய் சின்னத்தாயம்மாள் ஆசாரம் மிகுந்தவர். வீட்டிலே பாகவதர்கள் வருவதும் பண்டிதர்கள் போவதுமாக இருந்தது. பணம் இருந்தது, பக்தி இருந்தது, ஊரில் மதிப்பும் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை பட்டுக் குஞ்சமாக வளர்ந்திருக்கலாம். வளரவில்லை!

திண்ணைப் பள்ளியில் படித்த காலம். தாகம் எடுத்தால் வாத்தியார் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம் என்பது வீட்டார் கொடுத்த அனுமதி. வாத்தியார் சைவர், தம்மைவிட உயர்ந்தவர் என்பது அன்றைய கணக்கு. அங்கே பையனுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஆனால் வாய் வைக்காமல் தூக்கிக் குடிக்க வேண்டும். குடித்துக் கீழே வைத்த பாத்திரத்தின்மேல் நீரைத் தெளித்துத் தீட்டுக் கழித்த பிறகே அந்த வீட்டார் அதைக் கையில் எடுத்தனர். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி! தாகம் தணிந்தது; மனம் கொதித்தது. ஏழைகளின் வளவுக்குள் போனான் அந்தப் பையன். யார் வீட்டில் தின்னக் கூடாது என்றார்களோ, அவர்கள் வீட்டில் தின்றான். யாரோடு பழகக் கூடாது என்றார்களோ, அவர்களோடு பழகினான். அடித்துப் பார்த்தனர், காலில் விலங்கு பூட்டியும் பார்த்தனர். விலங்கோடும் அவன் அந்த வளவுக்கே நடந்தான்.

படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. 12 வயதளவில் தந்தையின் மண்டியில் உட்கார்ந்தார். மூட்டைக்கு விலாசம் போட்டவர், பின்னாளில் சமுதாயத்துக்கே விலாசம் எழுதக் கிளம்பினார்! 19ஆவது வயதில் நாகம்மையாரை மணந்தார். 1904இல் வீட்டில் மனத்தாங்கல் ஏற்பட்டுக் காசிக்குப் போனார். கையில் காசு தீர்ந்தது. சத்திரத்திலே சோறு உண்டு. ஆனால் பார்ப்பனருக்கு மட்டுமே என்றனர். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ பார்ப்பனரல்லாத தென்னாட்டு வணிகர்! கட்டியவரின் இனத்தானுக்கே கதவு சாத்தப்பட்டது. பசி பொறுக்காமல் தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் கை வைத்தார் ஈரோட்டு மண்டி முதலாளியின் மகன். பசி என்பது என்ன, கதவுக்கு வெளியே நிற்பது என்பது என்ன என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஊர் திரும்பினார். வாணிபத்தில் வளர்ந்தார். ஊர்ப் பொது வேலைகளில் இறங்கினார். ஈரோட்டில் பிளேக் பரவியபோது பணம் படைத்தவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினர். உறவினரே தொட அஞ்சிய பிணங்களைத் தோளில் சுமந்து அடக்கம் செய்தார் இவர். நோய் வந்த வீட்டைத் தீண்டாத வீடாக்குவது ஊரின் வழக்கம். அந்த வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பது இவர் வழக்கம்.

பிறகு ஈரோடு நகரசபைத் தலைவரானார். நகருக்குக் குழாய் வழியே குடிநீர் வர ஏற்பாடு செய்தார், தெருக்களை அகலப்படுத்தினார். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியாரை எதிர்ப்பு மட்டுமே தெரிந்தவர் என்று ஏசுவோர் இன்றும் இருக்கின்றனர். நகரை ஆளத் தெரிந்தவர் அவர். குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் இல்லாமல் மனிதனுக்கு மதிப்பு இல்லை என்பதை நிர்வாகத்தில் இருந்து கண்டவர். வசதி முதலில் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. வசதி மட்டும் போதுமா என்பதுதான் அவர் அடுத்துக் கேட்ட கேள்வி.

1919இல் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்தார். கள்ளுக்கடை மறியலில் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் நின்றனர். 1922இல் நம் திருப்பூரில் மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடிற்று. எல்லாச் சாதியாரும் கோவிலுக்குள் போகலாம் என்ற தீர்மானத்துக்காக அங்கே வாதாடினார். சாத்திரத்தைக் காட்டி மறுத்தனர் வைதிகர். மறுப்புக்கு ஆதாரமான சாத்திரத்தையே கொளுத்த வேண்டும் என்று அவர் குமுறியது இந்தத் திருப்பூரில்தான். பனியன் நகரமாக அது பெயர் பெறுவதற்கு முன்பே, இந்தப் போருக்குக் களமாக இருந்திருக்கிறது.

1924இல் வைக்கம். அங்கே கேட்டது கோவில் அல்ல, தெரு! கோவிலைச் சுற்றியுள்ள பொது வழியில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று தடை. மாடு நடக்கலாம், நாய் நடக்கலாம். வரி கொடுக்கும் மனிதன் நடக்கக் கூடாது. மார்ச் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட்டனர். அங்கிருந்து அழைப்பு வந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராக இருந்த பெரியார் ஏப்ரல் 13ஆம் நாள் போய்ச் சேர்ந்தார். இருமுறை சிறைவாசம், இரண்டாம் முறை கடுங்காவல். நாகம்மையாரும் கண்ணம்மாளும் அங்கே சென்று பெண்களைத் திரட்டினர். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுக்கு வந்தது. கோவிலைச் சுற்றிய தெருக்களில் மூன்று, எல்லோருக்கும் திறந்தன.

மூன்று தெரு திறந்ததற்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். ஆம், இத்தனை பாடுதான்! ஒருவன் எங்கே நடக்கலாம், எங்கே உட்காரலாம், எங்கே வீடு கட்டலாம் என்று மண்ணில் கோடு போட்டு வைத்திருந்தது சமுதாயம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு. செத்த பிறகும் ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. கோட்டைத் தொட்டால்தான் கோட்டின் காவலாளி யார் என்று தெரியும்.

அதே காலத்தில் சேரன்மாதேவி. தேசியக் கல்வி தருவதாகச் சொல்லி வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலம் அங்கே இருந்தது. காங்கிரசின் பணமும் பொதுமக்களின் பணமும் அதற்குக் கிடைத்தன. பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. பொதுப் பணத்தில் கட்டிய கூரையின்கீழ் இரண்டு பந்தியா என்று கேட்டார் பெரியார். வரதராஜுலு நாயுடுவும் கேட்டார். நாட்டையே உலுக்கிற்று அந்தக் கேள்வி. பொதுப் பணத்தில் எழுந்த எந்தக் கூரையின்கீழும் இன்றும் கேட்கத்தக்க கேள்வி அது!

இனி, இந்தக் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். காங்கிரசில் இருந்தபோது ஒரு நல்லெண்ணத் திட்டத்தை அவர் எதிர்த்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் கிணறு, தனிப் பள்ளி, தனிக் கோவில் கட்டித் தரலாம் என்பது திட்டம். பணமும் ஒதுக்க ஆயத்தமாக இருந்தனர். கருணை உள்ளோர் பாராட்டினர், பெரியார் மறுத்தார். ஏழைக்குத் தண்ணீர் கிடைப்பதில் அவருக்கு ஏன் வருத்தம்? தனிக் கிணற்றில் தண்ணீர் ஊறும்; கூடவே, இவர்கள் பொதுக் கிணற்றைத் தொடத் தகாதவர்கள் என்ற தீர்ப்பும் ஊறும். வெட்டிக் கொடுத்த கைக்குப் புண்ணியம். குடிக்கும் வாய்க்கு நிரந்தர இழிவு! தாகத்தைத் தீர்க்கும் வேலை வேறு, தாழ்வைத் தீர்க்கும் வேலை வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டையும் ஒருசேரத் தீர்க்காத உதவி, பழைய கோட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசுவதாகும் என்பதே அவர் வாதத்தின் பொருள்.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே கட்டப்படும் ஒவ்வொரு குடியிருப்பையும் பாருங்கள், தோழர்களே! அது வீடா, தனிக் கிணறா?

1925 மே மாதம் குடிஅரசு வெளிவந்தது. நவம்பரில் காஞ்சிபுரத்தில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டதும் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அவர் தம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததை உதறினார், ஆயிரக்கணக்கானோர் தொடர்ந்தனர். வடநாட்டுத் தலைவர் பெயர்களைப் பாருங்கள். வாலில்லாத பெயர் அரிது. தமிழ்நாட்டிலோ வால் வைத்த பெயரைக் கண்டால்தான் வியப்பு. பெயரில் உள்ள இழிவையும் பெருமையையும் ஒரே வீச்சில் வெட்டலாம் என்பதற்கு இது சான்று. பெயர்ப் பலகை சிறு விஷயம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாநாடுகளிலே சமபந்தி; திருமணங்களிலே புரோகிதர் இல்லை. ஈரோட்டு வீட்டிலே நாகம்மையாரின் கையால் எல்லாச் சாதித் தோழர்களும் ஒரே வரிசையில் உண்டனர். ஆசாரக் கோட்டையாக இருந்த அதே வீடு! பேரறிஞர் அண்ணா இளைஞராக வந்து பத்திரிகைப் பணி புரிந்ததும் ஈரோட்டில்தான். மேடையில் பேசியதை அடுப்பங்கரையில் நடத்திக் காட்டியதால்தான் அந்த இயக்கம் நிலைத்தது. 1933 மே 11ஆம் நாள் நாகம்மையார் மறைந்தார். ஊர் அழுதது, அவர் துயரை அடக்கிக்கொண்டு பணிக்குத் திரும்பினார்.

1929 இறுதியில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார். ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர், கடல் கடந்தும் சாதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்ததைக் கண்டு கண்டித்தார். 1931 டிசம்பரில் கப்பலேறி, ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றி, 1932 நவம்பரில் திரும்பினார். தொழிலாளி என்றால் தாழ்ந்தவன் என்று எண்ணாத நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஆண்டுகளில் வியன்னா நகராட்சி, பணக்காரர்மீது வரி போட்டுத் தொழிலாளருக்கு 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருந்தது. வீட்டோடு பொதுச் சலவைக்கூடம், நூலகம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் இருந்தன. அவற்றை நகரின் பெருமையாகக் கட்டினர். ஊர்க் கோடியில் ஒளித்துவைக்கவில்லை. ஏழையின் வீடு என்றால் ஏளனத்துக்குரியது என்பது உலக நியதி அல்ல. நாம் வகுத்த அநீதி!

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் முழங்கிற்று; 1941இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1944இல் கிராமச் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போது, கிராமம் என்பதே ஒரு தாழ்ந்த சாதிபோல வைக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். நகரத்தான் அனுபவிக்க, நாட்டுப்புறத்தான் உழைக்க என்ற பிரிவினை ஒழிய வேண்டும். பள்ளி, மருத்துவமனை, நூல்நிலையம், விளையாட்டிடம், பஸ் எல்லாம் கிராமத்தாருக்கும் எட்ட வேண்டும் என்றார். காந்தியார் கிராமத்தைப் போற்றினார். அம்பேத்கரும் பெரியாரும் கிராமத்தின் உள்ளே இருந்த கோட்டைச் சுட்டிக் காட்டினர். கோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவருக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் நின்றவருக்குத்தானே தெரியும்!

அதே ஆண்டு சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தது. 1949இல் அண்ணா பிரிந்து தி.மு.கழகம் கண்டார். பிரிவின் கசப்பு பல ஆண்டு நீடித்தது. நோக்கத்தின் வேர் ஒன்றாகவே இருந்தது. 1957இல் ஓட்டல் பெயர்ப் பலகைகளில் பிராமணாள் என்ற சொல்லை அழிக்கும் கிளர்ச்சி சென்னையில் நடந்தது. நாள்தோறும் தோழர்கள் கைதாயினர். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று கேலி பேசினர் அறிவாளிகள். ஒரு பலகையில் உயர்வு எழுதப்பட்டால், எழுதப்படாமலே மற்றவர் நெற்றியில் தாழ்வு எழுதப்படுகிறது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், சாதிக்குக் காப்பளிப்பதாக அவர் கருதிய அரசியல் சட்டப் பகுதிகளைக் கொளுத்தும் போர். ஏறத்தாழ 3,000 தோழர்கள் சிறை சென்றனர். மூன்றாண்டு வரை தண்டனை. சிறையிலே மாண்டவரும் உண்டு.

1967இல் அண்ணா ஆட்சி அமைத்ததும் திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. கூவக் கரையிலும் சேற்றிலும் கிடந்த குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழத் தொடங்கின. அனைத்துச் சாதியாரும் அர்ச்சகராகச் சட்டம் வந்ததும் அந்த ஆண்டில்தான். பெரியார் அப்போது 90 வயதைக் கடந்தவர். சிறுநீர்க் குழாயும் வாளியுமாக வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம். 24ஆம் நாள் வேலூரில் உயிர் பிரிந்தது. அரசு மரியாதையோடு மறுநாள் அடக்கம்.

மனிதர் மறைந்தார். கோடு மறைந்ததா? இல்லை! 1990களில் தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தால் எரிந்தன. தலைவர்களின் சிலைக்கு அவமதிப்பு, பஸ்மீது கல், ஊருக்குள் தீ. 1997இல் முதலமைச்சராக இருந்த கலைஞர் ஒரு திட்டத்தை அறிவித்தார்: பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17இல் திறக்கப்பட்டது. 100 வீடுகள். 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீடுகள் கலந்தே ஒதுக்கப்பட்டன. ஒரு வரிசை இவர்களுக்கு, ஒரு வரிசை அவர்களுக்கு என்று இல்லை. எல்லோருக்கும் ஒரே சமுதாயக்கூடம், ஒரே சுடுகாடு. மதக் கோவில் எதற்கும் இடம் இல்லை. முகப்பிலே பெரியார் சிலை. இன்று தமிழ்நாட்டில் இத்தகைய புரங்கள் 200க்கு மேல்.

இதன் சிறப்பு என்ன? ஏழைகளுக்கு வீடு என்பது பழைய செய்தி. ஒரே சாதியாரை ஒரே இடத்தில் குவித்து, அதற்கு ஒரு காலனி என்று பெயர் வைக்காமல், அண்டை வீட்டாராக வாழ வைத்ததே புதிய செய்தி. நாம் இங்கே செய்ததற்கு ஒன்பது ஆண்டு முன், 1989இல், சிங்கப்பூர் அரசு தன் வீடமைப்புக் கழக அடுக்ககங்களில் சீனர், மலாயர், இந்தியர் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடாதபடி ஒவ்வொரு கட்டடத்திலும் விகிதம் வகுத்தது. தமிழர் அங்கே மற்றவரோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றனர். அடுத்த வீட்டுச் சமையல் மணம் மூக்கில் ஏறினால் மூக்கு முதலில் சுளிக்கும், பிறகு பழகும், பிறகு பண்டிகை நாளில் கிண்ணத்தை நீட்டும். மனித இயற்கை அது.

ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதா? புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலை அல்ல. சமத்துவபுரங்கள் பலவற்றில் கூரை பெயர்ந்தது, தெருவிளக்கு அணைந்தது, நூலகம் பூட்டிக் கிடந்தது. பத்தாண்டு காலம் பராமரிப்பு இன்றிக் கிடந்ததை மீண்டும் செப்பனிட 2021க்குப் பின் பணம் ஒதுக்க வேண்டி வந்தது. வீட்டை வாங்கியவர் பூட்டிவிட்டுப் பழைய தெருவிலேயே இருந்த கதையும் உண்டு. சென்னையிலோ, குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிய பழைய நெறி மாறி, 2000க்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் பல மைல் பயணம். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை மறுக்கப்படுகிறது என்ற முறையீடு எழுந்தது. நல்லெண்ணத்தோடு வெட்டிய தனிக் கிணறு! பெரியார் எச்சரித்தது கண்முன் நடந்தது. நம் ஆட்சி, பிறர் ஆட்சி என்று பாராமல் இதைச் சொல்லும் துணிவு அவர் வழி வந்தோருக்கு வேண்டும்.

திருத்தமும் நடந்திருக்கிறது. 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. குடிசை என்ற சொல்லை வாழ்நாள் முழுதும் முதுகில் சுமக்கத் தேவையில்லை என்பதே அதன் பொருள். 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியிலே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி! எந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்களோ, அந்தப் பெயரை நாடே உச்சரித்தது. சேற்றிலே செந்தாமரை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கே சேறும் இல்லை, அவள் அதிசயமும் இல்லை. ஆடுகளமும் பயிற்சியும் கிடைத்தால் எந்தத் தெருவிலும் பிள்ளைகள் எழுவார்கள் என்பதே அந்தத் தங்கம் சொல்லும் செய்தி.

பலகையை மாற்றலாம், பலகையைப் படிக்கும் கண்ணை யார் மாற்றுவது? அதற்கு அரசாணை போதாது. அது கழகத் தோழர்களின் வேலை, தொழிற்சங்கத்தின் வேலை. தறிக்கூடத்தில் ஒரே பாவை இருவர் சேர்ந்து பிணைக்கிறோம். இழையிலே யார் கை பட்டது என்று துணி காட்டுவதில்லை. வேலை முடிந்து வெளியே வந்ததும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று பிரிந்தால், எட்டு மணி நேரம் நெய்ததை ஒரு நொடியில் கிழிக்கிறோம்! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் மில்களில் உழைப்பவர் தங்கும் அறைகளைக் கண்டு மூக்கைச் சுளிப்பவன், நேற்றுத் தன் தாத்தாவைப் பார்த்து மூக்கைச் சுளித்தவனின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான்.

செய்ய வேண்டியது என்ன? செப்டம்பர் 17 வருகிறது. 2021 முதல் அது தமிழ்நாட்டில் சமூகநீதி நாள். கடைவீதியில் படத்துக்கு மாலை போடுவதோடு நில்லாமல், விழாவை ஊர்க் கோடியில் உள்ள குடியிருப்பிலே நடத்துங்கள். அங்கே சமையுங்கள்; அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து உண்ணுங்கள். பூட்டிய படிப்பகம் இருந்தால் திறவுகோலைக் கேட்டு வாங்குங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையானால், அவர்களுடைய மனு என்று ஒதுக்காமல், நம் மனு என்று எழுதி நகராட்சிக்குப் போங்கள். சங்கக் கூட்டத்தை மாதம் ஒருமுறை அங்கே கூட்டுங்கள். உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அங்கே போய் அழைப்பிதழ் வையுங்கள். அவர்கள் வைத்தால் போய், பந்தியில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

குடியிருப்பில் வாழும் தோழர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் வீடு யாரும் போட்ட பிச்சை அல்ல. நீங்கள் வாங்கும் தீப்பெட்டி முதல் நீங்கள் ஓட்டும் தறி வரை எல்லாவற்றிலும் வரியாகவும் உழைப்பாகவும் கொடுத்ததில் ஒரு பங்கு, செங்கல்லாகத் திரும்பி வந்திருக்கிறது. அதை ஒளிக்க வேண்டியவர் நீங்கள் அல்லர். முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிறவன்தான் வெட்கப்பட வேண்டும்.

வாத்தியார் வீட்டுத் திண்ணையில் தொடங்கி வேலூர் மருத்துவமனை வரை அந்தப் பெரியவர் 94 ஆண்டு அழித்துக்கொண்டே வந்தது அந்த ஒரே கோட்டைத்தான். தெருவில் அழித்தார், பந்தியில் அழித்தார், பெயரில் அழித்தார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மிச்சம் இருப்பதை நாம் அழிக்க வேண்டும்.